தொடுவதற்கு முன் சொல்லுங்கள்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மசாஜ் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பிள்ளை பெற்ற வீட்டில் மருத்துவிச்சி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், சுளுக்குக்கு முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் உருவிக்கொள்வதும் எங்கள் ஊர்களில் காலங்காலமாக நடப்பவை. அங்கே எழுதிவைத்த விதி எதுவும் தேவைப்படவில்லை. மருத்துவிச்சியை மூன்று தலைமுறைக்குத் தெரியும். அறைக்குள் மாமியும் அக்காவும் கூடவே இருப்பார்கள். இன்று பாசிக்குடா ஹோட்டலிலோ, அறுகம்குடா விடுதியிலோ, கல்லடியில் ஒரு வாடகைக் கடையறையிலோ நடப்பது வேறு. முன்பின் தெரியாத ஒருவர், முன்பின் தெரியாத இன்னொருவரின் மேசையில், கதவு சாத்திய அறையில், உடை களைந்து குப்புறப் படுக்கிறார். ஊரும் உறவும் தந்த காவல் அந்த அறைக்குள் இல்லை. அதை நாங்கள்தான் எங்கள் நடத்தையால் கொடுக்க வேண்டும். தொழில் ஒழுக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றே: செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்னதை மட்டும் செய்யுங்கள். கீழே வருபவை எல்லாம் அதைச் செய்துகாட்டும் வழிகள்.

முதற்படி: நீங்கள் யார், யார் இல்லை

ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியர்கள் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்கள். பிசியோதெரபிஸ்டுகளுக்கு இலங்கை மருத்துவச் சபையில் பதிவு உண்டு. மசாஜ் மட்டும் படித்த நீங்கள் இந்த இரு வகையிலும் சேரமாட்டீர்கள். ஆகவே பெயர்ப்பலகையில் "வைத்தியர்" என்று போடாதீர்கள். "பக்கவாதம் குணமாகும்", "டிஸ்க் விலகல் சரியாகும்" என்று முகநூலில் விளம்பரம் செய்யாதீர்கள். தசைப்பிடிப்பு தளரும், உடல் இளகும், தூக்கம் நன்றாக வரும் என்று சொல்லலாம். அது உண்மை, அதற்கே போதுமான வாடிக்கையாளர்கள் வருவார்கள்.

பக்கவாதம் வந்த தகப்பனை மகன் முச்சக்கர வண்டியில் கூட்டிக்கொண்டு வந்து, "எப்படியாவது நடக்க வைத்துவிடுங்கள்" என்று கையைப் பிடிப்பார். மறுப்பது கடினமாக இருக்கும். ஆனாலும் அவரை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்புவதுதான் அவருக்குச் செய்யும் உதவி. பக்கவாதத்துக்குப் பிறகு ஆரம்ப மாதங்களில் முறையான பயிற்சி கிடைப்பது மிக முக்கியம். உங்கள் மேசையில் வீணாகும் ஒவ்வொரு வாரமும் அவருடைய நடையிலிருந்து கழிகிறது.

பயிற்சி பெற்ற சான்றிதழைச் சுவரில் மாட்டுங்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருந்தால் ஹோட்டல்களில் வேலை கேட்கும்போதும் வெளிநாடு போகும்போதும் கைகொடுக்கும். சொந்தமாக இடம் திறப்பவர்கள் வணிகப் பெயரைப் பதிவு செய்வதோடு, உள்ளூராட்சிச் சபையில் என்ன அனுமதி தேவை என்றும் முதலிலேயே போய்க் கேளுங்கள். தெருவிலிருந்து பார்த்தால் வரவேற்பு மேசை தெரியும்படி இடத்தை அமையுங்கள். கறுப்புக் கண்ணாடி ஒட்டிய கதவு, என்னதான் நேர்மையாகத் தொழில் செய்தாலும், உள்ளே இருக்கும் பெண்பிள்ளைகளின் பெயரைத்தான் கெடுக்கும்.

இரண்டாம் படி: தொலைபேசி அழைப்பு

எதிர்பார்ப்பு உருவாவது இங்கேதான். அழைப்பவருக்கு நான்கு விடயங்களைச் சொல்லிவிட வேண்டும்: என்ன வகை மசாஜ், எத்தனை நிமிடம், எவ்வளவு கட்டணம், செய்பவர் ஆணா பெண்ணா. கடைசி விடயத்தைக் கேட்காமலேயே சொல்லுங்கள். காத்தான்குடியிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ வரும் முஸ்லிம் பெண்களுக்குப் பெண் சிகிச்சையாளர் என்பது விருப்பம் அல்ல, நிபந்தனை. தமிழ்ப் பெண்களில் பெரும்பாலானோருக்கும் அப்படித்தான், அவர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும். பெண்கள் பகுதிக்குள் ஆண் ஊழியர் தேநீர்த் தட்டோடு கூட வரக்கூடாது. நோன்பு மாதத்தில் நேரத்தை இரவுக்கு மாற்றித்தர முடியுமா என்று கேட்பார்கள். முடிந்தால் மாற்றிக் கொடுங்கள். அமாவாசையன்று எண்ணெய் வைக்கமாட்டேன் என்பவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிராமல் வேறு நாள் கொடுங்கள்.

"பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன வயது?" என்று கேட்கும் அழைப்பும் வரும். "இங்கே மசாஜ் மட்டும்தான், ஐயா. வேறு எதுவும் இல்லை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுங்கள். அந்த இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எண்ணெய்க்கு முந்திய பத்து நிமிடம்

அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான். எனக்கு இந்தப் பத்து நிமிடமே தொழிலின் பாதி. அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டே கேளுங்கள்: எங்கே நோகிறது, எவ்வளவு நாளாக, என்ன மருந்து எடுக்கிறீர்கள், சத்திரசிகிச்சை ஏதும் நடந்ததா, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இருதய நோய் உண்டா, எந்த எண்ணெய்க்காவது ஒவ்வாமை உண்டா. பெண்ணென்றால், கர்ப்பமாக இருக்கிறாரா என்பதையும் மெதுவாகக் கேட்க வேண்டும். நல்லெண்ணெய்கூடச் சிலருக்குத் தடிப்பை உண்டாக்கும். புதியவருக்கு முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவிவிட்டுச் சற்றுப் பொறுங்கள்.

மேசையில் ஏற்றக்கூடாத நேரங்களும் உண்டு. காய்ச்சல் இருந்தால் இல்லை. டெங்குக் காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. "மேலெல்லாம் உளைகிறது, கொஞ்சம் பிடித்துவிடுங்கள்" என்று வருபவருக்குக் காய்ச்சலும் இருந்தால், கையைக் கழுவிவிட்டு அவரை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். டெங்கில், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்கள் குறையும். அழுத்திப் பிடித்தால் தோலுக்குக் கீழே இரத்தம் கசியலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவருக்கும் ஆழமான அழுத்தம் கூடாது. வெயிலில் வெந்து சிவந்த முதுகு, அலைச்சறுக்கில் பாறையில் உரசிய காயம், தொற்றும் தோல்நோய் எல்லாம் ஆறும்வரை காத்திருக்க வேண்டியவை. நீண்டகால நீரிழிவுக்காரரின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். "நோகவில்லை" என்று அவர் சொல்வதை நம்பிச் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் கொப்பளித்துவிடும்.

அறுகம்குடாவில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் இருத்த வேண்டும். விமானத்தில் பல மணிநேரம் உட்கார்ந்து, கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து வாகனத்தில் இன்னும் ஏழெட்டு மணிநேரம் உட்கார்ந்து வந்த பயணி, "ஒரு கெண்டைக்காலில் மட்டும் பிடிப்பு" என்கிறார். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தால் தொடாதீர்கள். ஆழ்நாளத்தில் இரத்தம் கட்டியாகியிருக்கலாம். நீங்கள் உருவும்போது அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் ஆள் இறந்துபோகலாம். பொத்துவில் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். அன்றைய வருமானம் போனது போனதுதான்.

இனி, வெளிநாட்டுப் பாடப்புத்தகம் அதிகம் பேசாத ஒன்று. எங்கள் மாவட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய பலரின் உடலில் போர் எழுதிவிட்டுப் போன தழும்புகள் இருக்கும். சிலருக்கு ஷெல் துண்டு இன்னும் உள்ளேயே கிடக்கிறது. வைத்தியர்கள் எடுப்பதைவிட விடுவது நல்லது என்று விட்டிருப்பார்கள். அதற்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே திசு கிழியலாம். எனவே, "உடம்பில் பழைய காயம், உலோகத் துண்டு, கம்பி, தகடு ஏதும் இருக்கிறதா? எந்த இடத்தைத் தொடாமல் விடவேண்டும்?" என்று எல்லோரிடமும் ஒரே குரலில் கேளுங்கள். எங்கே என்று கேட்கலாம். எப்படி, எப்போது, யாரால் என்று கேட்கக்கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், மேலே தோண்டாதீர்கள்.

சிலருக்குக் குப்புறப் படுப்பதே முடியாது. சிலருக்குக் கதவு முழுதாகச் சாத்தியிருந்தால் மூச்சு முட்டும், பின்னாலிருந்து ஒரு கை திடீரென்று கழுத்தில் பட்டால் உடம்பு விறைத்துவிடும். சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், ஸ்பாக்களில் வழக்கமாகப் போடும் கடலலைச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடலாம். பாட்டுப் போடுவதற்கு முன் எது வேண்டும் என்று கேட்பது நல்லது. "கதவை எப்படி வைக்கட்டும்? நாற்காலியில் இருந்தபடியே செய்யவா, பக்கவாட்டில் படுக்கிறீர்களா?" என்ற கேள்விகளுக்குச் செலவு ஒன்றும் இல்லை. இடையில் ஒருவர் அழத் தொடங்கினால் கையை மெதுவாக நிறுத்தி, துவாயால் மூடி, "இங்கேதான் நிற்கிறேன், அவசரம் இல்லை" என்று சொல்லுங்கள். தொடர்வதா விடுவதா என்று அவர் தீர்மானிக்கட்டும்.

கடைசியாக, செய்யப்போவதை ஒப்புவியுங்கள்: "முதுகு, தோள், கழுத்து, பிறகு கால்கள். வயிற்றைத் தொடமாட்டேன். இடுப்புக்குக் கீழே பிட்டத் தசையில் பிடிப்பு இருப்பதால் துணிக்கு மேலாக அழுத்தலாம், சம்மதமா?" அவர் தயங்கினால் அதுவே இல்லை என்ற பதில். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் தாயோ தகப்பனோ அறைக்குள் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

நான்காம் படி: துவாய் பிடிக்கும் முறை

உடை மாற்றும்போது அறையில் நிற்காதீர்கள். எதைக் கழற்றுவது, எதை விடுவது என்பது அவர் விருப்பம்: "உங்களுக்கு வசதியான அளவுக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். திரும்ப வரும்போது கதவைத் தட்டி, பதில் வந்த பிறகு நுழையுங்கள். எங்கள் பெண்கள் பலருக்கு ஸ்பாவில் கொடுக்கும் கடதாசி உள்ளாடையைப் பார்த்தாலே கூச்சம். ஒரு சுத்தமான பாவாடையைக் கொடுத்து, கிணற்றடியில் குளிப்பதுபோல் குறுக்குக்கட்டு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். முகம் உடனே தெளிவதைப் பார்ப்பீர்கள். ஆண்களுக்கு ஒரு சாறம் போதும்.

வேலை நடக்கும் பகுதி மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். வலது காலுக்குப் போகும்போது துவாயின் உள் ஓரத்தை எடுத்து, மடித்து, தொடைக்குக் கீழே இறுக்கிச் செருகுங்கள். செருகிய கோட்டைத் தாண்டி உங்கள் விரல் போகக்கூடாது. முடிந்ததும் அந்தக் காலை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். திரும்பிப் படுக்கும்போது துவாயின் உங்கள் பக்கத்து விளிம்பைத் தொடையால் மேசையோடு அழுத்திக்கொண்டு, மறுபக்கத்தை இரு கையாலும் உயர்த்தி, முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு, "என் பக்கமாக மெதுவாகத் திரும்புங்கள்" என்று சொல்லுங்கள். இதை உடை அணிந்த தோழியை மேசையில் படுக்கவைத்து, யோசிக்காமலே கை செய்யும்வரை பழகுங்கள். துவாய் நழுவாத சிகிச்சையாளரிடம்தான் வாடிக்கையாளர் முழுதாக உடம்பைத் தளரவிடுவார்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரமும் காப்பும் வேண்டாம். வெற்றிலை போட்ட வாயோடோ சிகரெட் மணத்தோடோ ஒருவரின் முகத்துக்கு மேலே குனியாதீர்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாகத் துவைத்த விரிப்பு. கைத்தொலைபேசி அறைக்கு வெளியே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கை வைத்த பிறகு

முதல் தடவலின்போதே, "அழுத்தம் பத்தில் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஏழுக்கு மேல் போகவேண்டாம். எங்கள் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லை, பரவாயில்லை" என்பார்கள். நோவு கூடினால்தான் பலன் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. வாயை நம்பாமல் உடம்பைக் கவனியுங்கள். கால்விரல் மடங்குகிறதா, மூச்சு நிற்கிறதா, தோள் காதுவரை ஏறுகிறதா? ஏதாவது ஒன்று தெரிந்தால் குறையுங்கள். அவர் பேசினால் பேசுங்கள், மௌனமாக இருந்தால் நீங்களும் மௌனமாக இருங்கள். உங்கள் வீட்டுக் கடன், பிள்ளையின் பரீட்சை, முதலாளியின் குணம் எதுவும் அந்த மேசைக்கு வரக்கூடாது. அந்த ஒரு மணிநேரம் அவருடையது, காசு கொடுத்து வாங்கியது.

ஆறாம் படி: தகாததைக் கேட்டால்

கேட்பார்கள். வெளிநாட்டவரும் கேட்பார்கள், உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் கேட்பார்கள். அது உங்கள் உடையாலோ சிரிப்பாலோ வந்தது அல்ல. இதை ஒவ்வொரு புதிய பிள்ளைக்கும் நான் உரத்துச் சொல்வேன்.

முதலில் ஒன்றைப் பிரித்தறியுங்கள். மசாஜின்போது ஆண் உடலில் தானாக ஏற்படும் எழுச்சி அனிச்சையானது. அதில் குற்றம் எதுவும் இல்லை. கண்டுகொள்ளாமல் மடித்த துவாயை மேலே போட்டு, பாதத்துக்கோ கைக்கோ வேலையை மாற்றுங்கள். கேட்பது, தொடுவது, துவாயை விலக்குவது, உங்கள் கையைப் பிடித்து இழுப்பது ஆகியவை வேறு.

அப்படி நடந்தால் கையை எடுங்கள். ஓரடி பின்வாங்கிக் கதவுப் பக்கம் நில்லுங்கள். "நான் அதைச் செய்வதில்லை. மறுபடி கேட்டால் இத்தோடு முடித்துவிடுவேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிரித்து மழுப்ப வேண்டாம். சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் தடவை கேட்டால், அல்லது முதல் தடவையே தொட்டால், உடனே வெளியே வந்து வரவேற்பில் இருப்பவரிடம் சொல்லுங்கள். முழுக் கட்டணமும் வாங்கவேண்டும். திகதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே ஏட்டில் எழுதுங்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம்; ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பொலிஸுக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் அறையின் உட்கதவில் ஒட்டிவையுங்கள்.

இடம் நடத்துபவர்களே, இது உங்களுக்கு. உள்ளே இருந்து பூட்டும் கொண்டி மசாஜ் அறைக்கு வேண்டாம். மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணி வையுங்கள். இரவு கடைசி வாடிக்கையாளர் போகும்வரை பெண்பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "கொஞ்சம் அனுசரித்துப் போ, பெரிய ஆள்" என்று ஊழியரிடம் சொல்லும் முதலாளி மசாஜ் நிலையம் நடத்தவில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட அன்றே, அடுத்த வேலை கிடைக்கும்வரை காத்திராமல், அங்கிருந்து வந்துவிடுங்கள்.

எல்லையை மீறுபவர் சிகிச்சையாளராகவும் இருக்கக்கூடும். வாடிக்கையாளர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே அவரோடு காதல் வேண்டாம், தனிப்பட்ட தொலைபேசி இலக்கம் வேண்டாம், கடன் வாங்குவதும் சீட்டுக்கு ஆள் சேர்ப்பதும் வேண்டாம். விசா எடுத்துத் தருகிறேன் என்று வெளிநாட்டவர் சொல்லும் வார்த்தையை மேசையோடு விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: காசு

கட்டணப் பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி மாட்டுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். அறுபது நிமிடம் என்றால் கை உடலில் இருக்கும் அறுபது நிமிடம். உடை மாற்றும் நேரம் அதில் சேராது. பற்றுச்சீட்டு கொடுங்கள். டிப்ஸ் கேட்கக்கூடாது, தந்தால் நன்றி சொல்லி வாங்கலாம். வாடிக்கையாளரைப் பத்துத் தடவைக்கு முற்பணம் கட்டவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. மூன்று தடவையில் மாற்றம் தெரியாவிட்டால் வைத்தியரைப் பார்க்கச் சொல்வதே நேர்மை.

எட்டாம் படி: ஊர் வாய்

நகரத்தில் இரகசியம் காப்பது எளிது. களுவாஞ்சிகுடியிலும் வாழைச்சேனையிலும் கல்முனையிலும் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. இன்று உங்கள் மேசையில் படுத்தவரை நாளை கோயில் திருவிழாவில் காண்பீர்கள். அங்கே நீங்களாகப் போய், "முதுகு எப்படி, அக்கா?" என்று கேட்கக்கூடாது. அவர் பேசினால் பேசுங்கள். மாமியார் வந்து, "என் மருமகள் இங்கே வந்தாளாமே?" என்று கேட்டால், "யார் வருகிறார்கள் என்று நாங்கள் ஒருவருக்கும் சொல்வதில்லை, அம்மா" என்பதே பதில், மருமகள் வராதிருந்தாலும் அதே பதில். வராதபோது "இல்லை" என்று சொல்லிப் பழகினால், வந்த நாளில் உங்கள் மௌனமே காட்டிக்கொடுத்துவிடும்.

நோய் விபரம் எழுதிய தாள்களைப் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட கவனத்துக்குரியதாகவே கொள்கிறது. விளம்பரத்துக்காக வாடிக்கையாளரின் படத்தைப் போடுவதென்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளையொன்றின் உடலில் அடித்த தழும்பைக் கண்டால் மட்டும் இரகசியம் என்று இருந்துவிடாதீர்கள், சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.

குறை சொல்லி வந்தால்

"நேற்றுச் செய்த பிறகு கழுத்துத் திரும்பவில்லை" என்று ஒருவர் வருவார். "எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று தொடங்காதீர்கள். உட்காரவைத்து முழுதும் கேளுங்கள். ஆழமாக அழுத்தினால் ஓரிரு நாள் உளைச்சல் இருப்பது வழக்கம்தான். ஆனால் கை மரத்துப்போவது, பலம் குறைவது, தலைசுற்று, கால் வீக்கம் இருந்தால் மறுபடி கை வைக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். என்ன செய்தீர்கள் என்பதை எழுதிய தாளின் பிரதியையும் கொடுத்தனுப்புங்கள், வைத்தியருக்கு உதவும். பிழை உங்களுடையது என்றால் காசைத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்ததையும் அவர் சொன்ன குறையையும் அதே ஏட்டில் எழுதி, மாத முடிவில் எல்லா ஊழியரும் ஒன்றாக உட்கார்ந்து, பெயர்களை விட்டுவிட்டு, வாசியுங்கள்.